சுங்கச்சாவடியில் தருவது எதற்கான காசு?

தமிழ்நாட்டில் ஒரு பகுதிச் சுங்கச்சாவடிகளில் ஏப்ரல் 1 அன்று கட்டணம் ஏறும். மற்றொரு பகுதியில் செப்டம்பர் 1 அன்று ஏறும். ஏறும்போதெல்லாம் அதே நான்கு கேள்விகள் கிளம்புகின்றன. சாலை போட்ட செலவை எப்போதோ எடுத்துவிட்டார்களே, இன்னும் ஏன் வசூல்? வண்டி வாங்கும்போதே சாலை வரி கட்டியாயிற்றே, இது எதற்கு? 60 கிலோமீட்டருக்குள் இரண்டு சாவடி கூடாது என்று அமைச்சரே சொன்னாரே? குழியும் மேடுமாகக் கிடக்கிற சாலைக்கும் முழுக் கட்டணமா?

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், இரண்டு தனித்தனிச் சங்கதிகளை ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான். ஒன்று, கட்டணம் எவ்வளவு என்பது. அதை ஒன்றிய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் விதிகளில் உள்ள ஒரு சூத்திரம் சொல்கிறது. அந்தச் சூத்திரத்துக்குச் சாலையின் நீளம் தெரியும். செலவும் தெரியாது, குழியும் தெரியாது. மற்றொன்று, அந்தக் காசு யார் பைக்குப் போகிறது, எத்தனை ஆண்டுக்கு என்பது. அதைச் சொல்வது ஒப்பந்தம்.

## அமைச்சகத்தின் எல்லை

அரசமைப்புச் சட்டம் சாலைகளைப் பிரித்தே வைத்திருக்கிறது. நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய நெடுஞ்சாலை என்று அறிவிக்கப்பட்டவை ஒன்றியப் பட்டியலின் 23ஆம் இனம். மற்ற சாலைகளும் பாலங்களும் மாநிலப் பட்டியலின் 13ஆம் இனம். மோட்டார் வாகனங்கள் பொதுப் பட்டியலில் 35ஆவதாக வருகின்றன. ஆகவே இந்த அமைச்சகத்தின் கையில் இருப்பவை இரண்டு: தேசிய நெடுஞ்சாலைகள், மோட்டார் வாகனச் சட்டம். ரயில்வேக்கும் துறைமுகத்துக்கும் வேறு அமைச்சகங்கள். கிராமச் சாலைத் திட்டம் ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் கீழ் வருகிறது.

2014இல் சுமார் 91,000 கி.மீ. இருந்த தேசிய நெடுஞ்சாலைகளின் நீளம் இப்போது 1,46,000 கி.மீ.யைத் தாண்டிவிட்டது. இதில் பெரும்பகுதி புதிதாக வெட்டிய சாலை அல்ல. ஏற்கெனவே இருந்த மாநிலச் சாலைகளை அரசிதழில் அறிவித்துத் தேசிய எண் கொடுத்ததால் கூடிய நீளம் அதில் கணிசம். எண் மாறிய மறுநாளே சாலை அகலமாகிவிடுவதில்லை.

அமைச்சகம் நேரடியாகத் தார் போடுவதில்லை. வேலையைச் செய்ய அதற்குச் சில கைகள் உண்டு:

1. தேசிய நெடுஞ்சாலை ஆணையம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டு, 1995இல் செயல்படத் தொடங்கியது. நான்குவழி, ஆறுவழிச் சாலைகளில் பெரும்பாலானவை இதனிடம் இருக்கின்றன. களத்தில் இதன் முகம், திட்டச் செயலாக்க அலுவலகமும் அதன் திட்ட இயக்குநரும்.
2. மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு. ஆணையத்திடம் ஒப்படைக்கப்படாத இருவழிச் சாலைகள் பலவற்றை ஒன்றிய அரசின் பணத்தில் இதுதான் பார்க்கிறது.
3. வடகிழக்கிலும் எல்லையிலும் 2014இல் தொடங்கப்பட்ட தேசிய நெடுஞ்சாலை உள்கட்டமைப்புக் கழகமும், பாதுகாப்பு அமைச்சகத்தின் எல்லைச் சாலைகள் அமைப்பும்.

பக்கத்து ஊர்ச் சாலையில் குழி என்றால் எங்கே மனு கொடுப்பது என்று தெரியாமல் அலைவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பிரிவினைதான். பச்சை நிறத் திசைப்பலகையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. பழைய மைல்கல் முறை என்றாலும் இன்றைக்கும் பிழையில்லாத அடையாளம். மாநில அரசின் கட்டணச் சாலைகளுக்கு இந்த அமைச்சகத்தின் கட்டண விதிகளும் பொருந்தாது, கடைசியில் சொல்லப்போகும் ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸும் செல்லாது.

## வரி வேறு, கட்டணம் வேறு

குலோத்துங்கனை ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றார்கள். அவன் தவிர்த்தது வரி. நாம் இன்று ‘சுங்கச்சாவடி’ என்று சொன்னாலும், சட்டப்படி அங்கே வாங்குவது வரி அல்ல, சேவைக் கட்டணம். 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில் 7ஆம் பிரிவு இதற்கான அதிகாரத்தைத் தருகிறது. 1995இல் சேர்த்த 8அ பிரிவு, சாலையைப் போடவும் பராமரிக்கவும் தனியாருடன் ஒப்பந்தம் செய்து, அவர்களே கட்டணம் வசூலித்துக்கொள்ள வழி திறந்தது.

வண்டி வாங்கும்போது கட்டும் சாலை வரி மாநில அரசின் வருவாய். அதில் ஒரு ரூபாய்கூட நெடுஞ்சாலை ஆணையத்துக்குப் போகாது. பெட்ரோல், டீசலில் பிடிக்கும் சாலை மற்றும் உள்கட்டமைப்பு மேல்வரிதான் ஒன்றிய அரசுக்குப் போய்ச் சாலைக்கும் பயன்படுகிறது. அது தனி நிதியில் சேர்ந்து, நெடுஞ்சாலைகளுக்கும் 2018க்குப் பிறகு வேறு உள்கட்டமைப்புத் துறைகளுக்கும் பிரிகிறது. ஆக, ‘இரண்டு முறை வாங்குகிறார்கள்’ என்ற புகார் சாலை வரியை வைத்துச் சொன்னால் நிற்காது. எரிபொருள் மேல்வரியை வைத்துச் சொன்னால், அதில் நியாயம் உண்டு.

## கட்டணக் கணக்கு

2008ஆம் ஆண்டு டிசம்பர் 5 அன்று வந்த தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள்தான் அடிப்படை. கணக்கு இப்படிப் போகும்:

1. 2007-08ஆம் ஆண்டுக்கான அடிப்படை விகிதம், கிலோமீட்டருக்கு: கார், ஜீப், வேன் 65 காசு. சிறிய சரக்கு வண்டி, மினி பஸ் 1.05 ரூபாய். பஸ், இரண்டு அச்சு லாரி 2.20 ரூபாய். மூன்று அச்சு வண்டி 2.40 ரூபாய். நான்கு முதல் ஆறு அச்சு வரை 3.45 ரூபாய். ஏழும் அதற்கு மேலும் 4.20 ரூபாய்.

2. இதன்மேல் ஆண்டுக்கு 3 விழுக்காடு கூட்ட வேண்டும். கூட்டுவட்டி போல ஏறாது, தனிவட்டி போலத்தான். 2025-26க்கு 18 ஆண்டுகள், ஆக 54 விழுக்காடு. காருக்கு 65 காசு 1.001 ரூபாய் ஆகிறது.

3. அடுத்து, 2007 ஜனவரியிலிருந்து மொத்த விலைக் குறியீடு எவ்வளவு ஏறியிருக்கிறதோ அதில் 40 விழுக்காட்டை அந்த விகிதத்தின்மேல் ஏற்ற வேண்டும். கணக்கு புரிவதற்காகக் குறியீடு சரியாக இருமடங்கானது என்று வைத்துக்கொண்டால், ஏற்றம் 40 விழுக்காடு. 1.001 ரூபாய் 1.40 ரூபாய் ஆகும்.

4. இந்த விகிதத்தை அந்தச் சாவடிக்கு உரிய நீளத்தால் பெருக்க வேண்டும். 60 கி.மீ. என்றால் 84 ரூபாய்.

5. கடைசியாக, அருகிலுள்ள 5 ரூபாய்க்கு முழுமையாக்க வேண்டும். 85 ரூபாய்.

நீளம் என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெரிய பாலம், சுரங்கம், மேம்பாலம், உயர்நிலைச் சாலை ஆகியவற்றின் நீளத்தைப் பத்தால் பெருக்கிச் சேர்ப்பார்கள். மேலே சொன்ன 60 கி.மீ.யில் 1 கி.மீ. அப்படிப்பட்ட கட்டுமானம் என்றால், கணக்கு நீளம் 59 + 10 = 69 கி.மீ. கட்டணம் 85லிருந்து 95 ரூபாய்க்குப் போகிறது. 10 கோடி ரூபாய்க்கு மேல் செலவான பைபாஸ் என்றால் அந்தத் துண்டுக்கு ஒன்றரை மடங்கு. இரு ஓரத்திலும் தார் போட்ட தோள்பட்டை உள்ள இருவழிச் சாலைக்கு நான்குவழி விகிதத்தில் 60 விழுக்காடு மட்டுமே. ஒரே தூரத்துக்குப் பக்கத்துச் சாவடிகளில் வெவ்வேறு கட்டணம் இருப்பது இதனால்தான்.

2025 ஜூலையில் இந்தப் பத்து மடங்கு விதிக்கு ஓர் உச்சவரம்பு வந்தது. பத்து மடங்கு முறையில் கிடைக்கும் நீளம் அல்லது மொத்த நீளத்தின் ஐந்து மடங்கு, இரண்டில் எது குறைவோ அது. ‘சுங்கக் கட்டணம் பாதியானது’ என்று செய்திகள் பறந்தன. போட்டுப் பார்த்தால், சாலையில் ஏறக்குறைய 44 விழுக்காட்டுக்கு மேல் பாலமாகவோ சுரங்கமாகவோ இருந்தால்தான் இந்தத் திருத்தம் வேலை செய்யும். நம் 60 கி.மீ. எடுத்துக்காட்டில் 69க்கும் 300க்கும் போட்டி. 69தான் குறைவு, எதுவும் மாறாது. முழுக்கத் தூண்கள்மேல் ஓடும் சாலைகளுக்கு மட்டும் உண்மையிலேயே பாதியாகும்.

இந்த ஐந்து படிகளிலும் சாலை போட ஆன செலவு எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையும் வரவில்லை. சாலையில் பத்தாயிரம் வண்டி போனாலும் ஒரு லட்சம் போனாலும் ஒரு காருக்குக் கட்டணம் ஒன்றுதான். வண்டி அதிகமானால் கட்டணம் குறையும் என்ற எதிர்பார்ப்புக்கு விதியில் இடமே இல்லை.

## யார் முதல், யார் லாபம்

ஒப்பந்த வகைகளை அறிந்தால் மீதி முடிச்சு அவிழும்.

பி.ஓ.டி. டோல். கட்டு, நடத்து, ஒப்படை. நிறுவனம் தன் முதலையும் வங்கிக் கடனையும் போட்டுச் சாலை அமைக்கும். ஒப்பந்தக் காலம் முழுக்க வசூல் அதற்கே. போதாத சாலைக்கு அரசு மானியம் தரும். கொழிக்கும் சாலை என்றால் நிறுவனம் அரசுக்குப் பங்கு தரும். போக்குவரத்து குறைந்தால் நட்டம் நிறுவனத்துடையது என்று மேலோட்டமாகச் சொல்வார்கள். முழு உண்மை அது இல்லை. மாதிரி ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட ஆண்டுக்கு ஓர் இலக்குப் போக்குவரத்து எழுதப்பட்டிருக்கும். அதற்குக் குறையும் ஒவ்வொரு 1 விழுக்காட்டுக்கும் ஒப்பந்தக் காலம் 1.5 விழுக்காடு நீளும், அதிகபட்சம் 20 விழுக்காடு. இலக்கைத் தாண்டினால் 1 விழுக்காட்டுக்கு 0.75 விழுக்காடு மட்டுமே குறையும், அதிகபட்சம் 10. நீளுவது வேகமாக, சுருங்குவது மெதுவாக. இது போக, அரசு வசூலை நிறுத்தச் சொன்ன நாட்களுக்கும் ஈடு உண்டு. 2016இல் பணமதிப்பிழப்பின்போது நவம்பர் 9 முதல் டிசம்பர் 2 வரையும், 2020 ஊரடங்கில் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் 20 வரையும் சாவடிகள் திறந்து விடப்பட்டன. ‘இந்த ஆண்டோடு முடிகிறது’ என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்த தேதி தள்ளிப்போவதற்குக் காரணங்கள் இவைதான்.

2012க்குப் பிறகு இந்த முறை படுத்துவிட்டது. போக்குவரத்தைக் கூடுதலாக மதிப்பிட்டு ஏலம் எடுத்த நிறுவனங்கள் கடனில் மூழ்கின. வங்கிகள் கையை எடுத்தன. நிலம் கைக்கு வராமல் வேலைகள் நின்றன.

ஹாம். அந்தத் தேக்கத்துக்கு மருந்தாக 2016 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற கலப்பு முறை. திட்டச் செலவில் 40 விழுக்காட்டை வேலை நடக்கும்போதே அரசு தவணையாகத் தரும். மீதி 60 விழுக்காட்டை நிறுவனம் முதலும் கடனுமாகப் புரட்டும். சாலை முடிந்தபின் 15 ஆண்டுகளில், ஆறு மாதத்துக்கு ஒன்றாக 30 தவணைகளில், வட்டியுடன் அரசு திருப்பித் தரும். பராமரிப்புக்குத் தனித் தொகை. சாவடியில் வசூலிப்பது ஆணையம். நிறுவனத்துக்கு டோலில் பங்கில்லை. வண்டி வந்தாலும் வராவிட்டாலும் அதன் தவணை நிச்சயம்.

இ.பி.சி. வடிவமைப்பு முதல் கட்டுமானம் வரை ஒரே ஒப்பந்தம். முழுப் பணமும் அரசுடையது. ஒப்பந்ததாரர் வேலையை முடித்துவிட்டு, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும்வரை மட்டும் பதில் சொல்வார். தார்ச் சாலைக்கு வழக்கமாக 5 ஆண்டு, கான்கிரீட்டுக்கு 10 ஆண்டு. முன்பு இன்னும் குறைவாக இருந்தது.

டி.ஓ.டி. பலரும் கவனிக்காதது, ஆனால் ‘வசூல் ஏன் நிற்கவில்லை’ என்ற கேள்விக்கு இதுதான் நேரான பதில். அரசுப் பணத்தில் போட்டு, ஓடிக்கொண்டிருக்கும் சாலைகளைத் தொகுப்பாகக் கட்டி, அவற்றின் எதிர்கால வசூலை மொத்தத் தொகைக்கு விற்பது. 2018இல் முதல் தொகுப்பில் ஆந்திரம், குஜராத்தில் உள்ள ஒன்பது சாலைகள் 30 ஆண்டுகளுக்கு 9,681 கோடி ரூபாய்க்குப் போயின. தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விடுவது போலத்தான்: முன்பணத்தை வாங்கியபின், ‘மரம் வைத்த செலவு வந்துவிட்டது, இனிக் காய் பறிக்காதே’ என்று குத்தகைக்காரரிடம் சொல்ல முடியாது. 2021 முதல் ஆணையமே தொடங்கிய உள்கட்டமைப்பு முதலீட்டு அறக்கட்டளைக்கும் சாலைகள் இப்படியே மாற்றப்படுகின்றன.

இவ்வளவு விற்பனை ஏன் என்றால், கடன். ஆணையத்தின் கடன் 3 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியபோது, 2022-23 முதல் சந்தையில் கடன் வாங்குவது நிறுத்தப்பட்டு, பட்ஜெட் ஒதுக்கீட்டையும் இத்தகைய விற்பனையையுமே நம்ப வேண்டியதாயிற்று.

காசு யாருடையது என்பது வழக்குகளிலும் வெளிப்படும். கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி ஆகிய நான்கு சாவடிகளுக்கு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தர வேண்டிய பாக்கி 276 கோடி ரூபாய் என்று நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றம் சென்றன. 2025 ஜூலையில் அங்கே அரசுப் பேருந்துகளை விடக் கூடாது என்ற உத்தரவே வந்து, பின்பு நிறுத்தி வைக்கப்பட்டது. அரசு வசூலிக்கும் சாவடியாக இருந்தால் இது இரு அலுவலகங்களின் கடிதப் போக்குவரத்தாக முடிந்திருக்கும்.

## ‘போட்ட காசை எடுத்துவிட்டார்களே!’

அரசுப் பணத்தில் போட்ட சாலைகளில் வசூலாவது நாட்டின் தொகுப்பு நிதியில் சேர்கிறது. பிறகு நாடாளுமன்ற ஒப்புதலோடு ஆணையத்துக்கே திரும்பி, வேறு ஊர்ச் சாலைக்கும் செலவாகிறது. செங்கல்பட்டுப் பரனூரில் கட்டியது பரனூர்ச் சாலைக்கே திரும்பும் என்று எந்த விதியும் இல்லை.

2008 விதிகளில் ஒரு சலுகை இருந்தது. முதலீட்டுச் செலவு மீண்டபின், பராமரிப்புக்கு மட்டும் என்று கட்டணம் 40 விழுக்காடாகக் குறைய வேண்டும். பரனூர் போன்ற சாவடிகளைப் பற்றித் தமிழ்நாட்டில் எழுந்த வாதங்கள் இதை வைத்துத்தான். ஆனால் ‘செலவு’ என்ற தலைப்பில் கட்டுமானத்தோடு நிலம், வட்டி, பராமரிப்பு எல்லாம் ஏறிக்கொண்டே போகும். நடுவில் ஆறுவழியாக்கினால் புதிய செலவு பழைய கணக்கில் சேரும். அதனால் 40 விழுக்காட்டுக்கு இறங்கிய சாவடிகள் அரிது. 2023 அக்டோபர் திருத்தம் அந்த 40 விழுக்காட்டு ஏற்பாட்டையே எடுத்துவிட்டது. இப்போதுள்ள விதிப்படி கட்டணம் முடிவுத் தேதியில்லாத ஒன்று. ஒப்பந்தம் முடிந்தால் வசூலிப்பவர் மாறுவார், சாவடி இருக்கும்.

இதைச் சரியென்று ஏற்க வேண்டியதில்லை. செலவு மீண்டபிறகும் முழு விகிதம் என்றால், ‘கட்டணம்’ என்ற பெயரில் நடப்பது வரிதானே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கேள்வியைச் சாவடிக் கூண்டில் இருக்கும் பையனிடம் கேட்டுப் பயனில்லை. விதியை இயற்றிய இடத்தில் கேட்க வேண்டும்.

## 60 கிலோமீட்டர், 100 மீட்டர்

2008 விதிகளின் 8ஆம் விதி, ஒரே சாலையில் ஒரே திசையில் இரண்டு சாவடிகளுக்கு நடுவே 60 கி.மீ. இடைவெளி கேட்கிறது. நகராட்சி எல்லையிலிருந்து 10 கி.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதே விதியிலேயே, காரணத்தை எழுத்தில் பதிந்து இடைவெளியைக் குறைக்கலாம் என்ற கதவும் உண்டு. மேலும், அந்த விதிகளுக்கு முன்னரே கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கு 1997ஆம் ஆண்டு விதிகள்தான்; அங்கே இந்த 60 கி.மீ. கணக்கு பொருந்தாது. 2022 மார்ச்சில் மக்களவையில் அமைச்சர் நிதின் கட்கரி, 60 கி.மீ.க்குள் இருக்கும் கூடுதல் சாவடிகள் மூன்று மாதத்தில் மூடப்படும் என்றார். ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தத்தில் ஒரு சாவடியை மூடினால் நிறுவனத்துக்கு ஈடு தர வேண்டும். அறிவிப்பு எளிது, ஈடு எளிதல்ல.

வரிசை 100 மீட்டர் மஞ்சள் கோட்டைத் தாண்டினால் இலவசம் என்று இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது 2021 மே மாதம் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டல். 2024இல் திரும்பப் பெறப்பட்டது. அதை நம்பிச் சாவடியில் வாக்குவாதம் செய்தால் பின்னால் நிற்பவர்களின் நேரம்தான் வீணாகும்.

## குழி ஏன் விழுகிறது, அப்போது கட்டணம் என்னாகும்

தார்ச் சாலை ஒற்றைப் பலகை அல்ல. கீழே அரை மீட்டர் தடிமனுக்கு இறுக்கிய மண்படுகை. அதன்மேல் நீர் வடியும் சரளை அடுக்கு. அதற்குமேல் ஈரக்கலவை ஜல்லி. பிறகு தடித்த தார்க்கலவை. உச்சியில் 40, 50 மில்லிமீட்டர் அளவில் தேய்மானத் தார் அடுக்கு. இந்தியச் சாலைப் பேரவையின் 37ஆம் எண் வழிகாட்டல்படி தேசிய நெடுஞ்சாலையை 20 ஆண்டு ஆயுளுக்கு வடிவமைக்க வேண்டும்.

தடிமனை முடிவு செய்வது வண்டிகளின் எண்ணிக்கை அல்ல, அச்சுச் சுமை. சேதம் சுமையின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது (சுமை இருமடங்கானால் சேதம் பதினாறு மடங்கு). ஓர் அச்சுக்கு 8.16 டன் என்பதை ஓர் அலகு சேதமாக வைத்தால், 10.2 டன் ஏறிய அச்சு 2.44 அலகு சேதம் செய்யும். 2018இல் அமைச்சகமே ஒற்றை அச்சின் அனுமதிச் சுமையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. 11.5 டன் என்றால் 3.94 அலகு. சுமை 13 விழுக்காடு கூடியதற்குச் சேதம் 60 விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது. 2018க்கு முன் வடிவமைத்த சாலைகள் இந்தக் கணக்கைப் பார்த்தவை அல்ல. இதன்மேல் ஓவர்லோடு வேறு. ஒரு காரால் நெடுஞ்சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறையச் சுழியம்.

அடுத்த எதிரி தண்ணீர். மேலடுக்கில் மயிரிழை விரிசல் விழுந்து, அதன் வழியே நீர் இறங்கும். லாரிச் சக்கரம் அழுத்தும்போது அந்த நீர் ஜல்லிக்கு இடையிலுள்ள நுண்துகளோடு பீய்ச்சி வெளியேறும். அடியில் பிடிமானம் போனபின் மேலே இருக்கும் தார் தானே உடைந்து விழும். மழை நின்ற மறுநாள் விரிசலைச் சுற்றிச் சாம்பல் நிறச் சேறு படிந்திருந்தால், அந்த இடம் சில வாரங்களில் குழியாகும் என்று கொள்ளலாம். வடிகால் வாயில் குப்பை அடைத்திருந்தால் எவ்வளவு நல்ல கலவை போட்டாலும் நிற்காது.

ஒட்டுவேலை நிற்காததற்குக் காரணம், படிகளைத் தாண்டுவது. உடைந்த இடத்தைச் சுற்றி உறுதியான பகுதிவரை செங்குத்து ஓரமாகச் சதுரமாக வெட்ட வேண்டும். தூசியும் ஈரமும் போக்க வேண்டும். அடியிலும் ஓரத்திலும் ஒட்டுத்தார் தெளிக்க வேண்டும். சூடான கலவையை அடுக்கடுக்காகப் போட்டு உருளை கொண்டு இறுக்க வேண்டும். நடைமுறையில் பல இடங்களில், தேங்கிய நீரின்மேலேயே கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டு, மீதியை லாரிச் சக்கரத்திடம் விட்டுவிடுகிறார்கள். அடுத்த மழையில் அதே இடம், சற்றுப் பெரிதாக.

சாலை மோசமானால் கட்டணம் தானாகக் குறையும் என்று சூத்திரத்தில் எதுவும் இல்லை. ஒப்பந்தப்படி நிறுவனத்துக்கு அபராதம் உண்டு. அது பயணியின் கைக்கு வராது. இந்த இடைவெளியைச் சில நேரம் நிரப்புவது நீதிமன்றம். மதுரவாயல்–வாலாஜா சாலையின் நிலையைப் பார்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில் நெமிலி, சென்னசமுத்திரம் சாவடிகளில் பாதிக் கட்டணமே வாங்க உத்தரவிட்டது. கேரளத்தில் திருச்சூர் அருகே பாலியேக்கரைச் சாவடியின் வசூலை அம்மாநில உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 6 அன்று நிறுத்தியது. ஆணையம் உச்ச நீதிமன்றம் போயும் அது நிலைத்தது. அக்டோபரில்தான் வசூல் திரும்பவும் தொடங்கியது. இவை அந்தந்தச் சாலைக்கான உத்தரவுகள். உங்கள் ஊர்ச் சாவடியில் காட்டித் தப்ப முடியாது; ஆனால் வழக்குக்கு முன்மாதிரியாகப் பயன்படும்.

## சட்டப்படி குறைக்கும் வழிகள்

இருசக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் டிராக்டருக்கும் பொதுவாகக் கட்டணமில்லை. மற்றவர்களுக்கு:

- 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போக வர இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்கு. ஃபாஸ்டேகில் திரும்பும்போது கழிவு தானாக வர வேண்டும். வராவிட்டால் புகார் செய்யலாம்.
- ஒரே சாவடியை மாதத்தில் 50 முறை கடக்க மாதாந்திர பாஸ். விலை, 50 ஒருவழிக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது, ஒவ்வொரு முறையும் ஒருவழிக் கட்டணம் கட்டுவதோடு ஒப்பிட்டால், 34 முறையோ அதற்கு மேலோ கடப்பவருக்கு லாபம்.
- சாவடியிலிருந்து 20 கி.மீ.க்குள் வசிப்பவரின் சொந்த உபயோக வண்டிக்கு உள்ளூர் பாஸ். 2025-26இல் மாதம் 350 ரூபாய். அடுத்த சாவடியைத் தாண்டும் பயணத்துக்கு இது செல்லாது. சர்வீஸ் ரோடோ மாற்றுச் சாலையோ இருந்தால் பாஸை மறுக்கலாம் என்றும் விதி சொல்கிறது. தகராறுகள் பெரும்பாலும் இங்கேதான்.
- அதே மாவட்டத்தில் பதிவான, தேசிய பர்மிட் இல்லாத வணிக வண்டிக்குப் பாதிக் கட்டணம்.
- 2025 ஆகஸ்ட் 15 முதல் வந்த ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ், தொடக்க விலை 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 கடப்புகள், எது முந்துகிறதோ அதுவரை. அந்தத் தொடக்க விலையில் ஒரு கடப்புக்கு 15 ரூபாய் ஆனது. கார், ஜீப், வேன் மட்டும், அதுவும் சொந்த உபயோகத்துக்கு. ஒரு சாவடியைக் கடந்தால் ஒரு கடப்பு; போய்த் திரும்பினால் இரண்டு.

2025 இறுதி நிலவரப்படி, செல்லுபடியாகும் ஃபாஸ்டேக் இல்லாமல் நுழைந்தால் ரொக்கத்துக்கு இருமடங்கு. 2025 நவம்பர் 15 முதல் யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு.

## உங்கள் சாவடியைப் பற்றிக் கேட்க வேண்டியவை

அவசரத்துக்கு நெடுஞ்சாலை உதவி எண் 1033. கணக்கு வேண்டுமென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தச் சாலையின் திட்ட இயக்குநர் அலுவலகத்துக்கு மனு. ‘எவ்வளவு வசூல்?’ என்று மட்டும் கேட்டால் ஓர் எண் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இவற்றைக் கேட்க வேண்டும்:

1. சாலை எந்த முறையில் அமைந்தது. இப்போது வசூலிப்பவர் எந்த முறையில் வசூலிக்கிறார்.
2. கட்டண அறிவிக்கை எண், தேதி. எந்த ஆண்டு விதிகள் பொருந்துகின்றன.
3. கட்டணத்துக்கு எடுத்துக்கொண்ட நீளம், அதில் பாலம், பைபாஸ் எவ்வளவு.
4. ஒப்பந்தத்தின் மூல முடிவுத் தேதி, நீட்டிப்பு இருந்தால் எந்தப் பிரிவின்கீழ் எத்தனை நாள்.
5. கடைசியாக முழு நீளத்துக்கும் மேலடுக்கு எப்போது புதுப்பிக்கப்பட்டது, ஒப்பந்தப்படி அடுத்தது எப்போது.
6. பராமரிப்புக் குறைக்காக விதித்த அபராதம் எவ்வளவு, வசூலானது எவ்வளவு.

மூன்றாவதற்கு வரும் பதிலை வைத்து, மேலே சொன்ன ஐந்து படிக் கணக்கை நீங்களே போட்டுச் சாவடிப் பலகையோடு ஒப்பிடலாம். மொத்த விலைக் குறியீட்டைத் தொழில் மற்றும் உள்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறை மாதந்தோறும் வெளியிடுகிறது. அடிப்படை ஆண்டு மாறியிருப்பதால் இணைப்புக் காரணியால் பெருக்க மறக்கக் கூடாது. ஐந்து ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது நீளத்தை.